சேவியர் போட்ட கோடு

மனிதர்கள் மேல் பொறாமைப்படுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஓர் இயந்திரத்தின் மேல் பொறாமைப்பட்டது போன மாதம்தான் முதல் தடவை.

நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் இருந்து இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு கணினி வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தையும் காமா கேமராப் படத்தையும் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், இரண்டு தலைகளையும் அதுவே நிமிர்த்தித் திருப்பி ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திவிடுகிறது. எனக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நாங்கள் இதே வேலைக்கு அரை நாள் மல்லுக்கட்டியவர்கள்.

"சேர், உங்க காலத்துல இதை எப்படிச் செஞ்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

எப்படிச் செய்தோம் என்பதைவிட எப்படிக் கெடுத்தோம் என்பதைச் சொன்னால் அவர்களுக்குக் கூடுதல் பிரயோசனம். கெடுத்த ஆளே எழுதுகிறேன், தகவல்கள் சரியாக இருக்கும்.

பிறந்தது வட்டவளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில். ரேடியோகிராபர் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனேன். மழை இல்லாமலே ஒரு மனிதன் எப்படி முழுதாக நனையலாம் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் மலைக்குத் திரும்பி வந்து, வேலையில் கற்றது. அவ்வளவுதான் என் கல்வி.

சேவியர் பக்கத்து ஊர் றொசல்லக்காரன். எனக்கு இரண்டு வயது இளையவன். ஒரே ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், பள்ளிக்கூடம் போனோம், ஒரே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னை அண்ணே என்பான். அந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறு எதிலும் எனக்குப் பின்னால் நின்றதில்லை. ஊரார் மண்டைகளைப் பார்த்தே பிழைத்த எனக்கு என் மண்டை முப்பத்தைந்து வயதிலேயே முழுதாக வெளியே வந்துவிட்டது. அவனுக்கு இன்றைக்கும் சீப்பு உடையும். காமா கேமரா வந்தபோது ஒரு ஆளை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். விண்ணப்பித்தது நாங்கள் இரண்டு பேர். அவன் போனான். விமான நிலையம் வரை போய் நானே வழியனுப்பினேன். விமானம் மேகத்துக்குள் மறையும் வரை எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது, யாராவது அவனை இறக்கிவிடுவார்கள் என்று.

திரும்பி வந்தவன் காமா கேமராவுக்குப் பொறுப்பானான். நான் எம்.ஆர்.ஐ.க்கு. இடையில் ஒரு சுவர்.

எங்கள் இரண்டு பேரின் படங்களும் சேர்ந்தே ஆகவேண்டிய நோயாளிகள் உண்டு. மூளையில் கட்டி வந்து, வெட்டி எடுத்து, பிறகு கதிர் சிகிச்சையும் செய்துகொண்டவர்கள். தோட்டத்துச் சனங்கள் அதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். கரண்ட் வைத்துச் சில மாதம் கழித்து என் படத்தில் அந்த இடம் வெள்ளையாக மினுங்கும். கட்டி திரும்ப வந்திருக்கலாம். அல்லது, கதிர் பட்ட இடம் வெந்து புண்ணாகிக் கிடக்கலாம். ஊசியில் ஏற்றும் மருந்து இரண்டிலும் கசியும், இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும். லயத்துக் கூரையில் புகை தெரிகிறது. அடுப்பு எரிகிறதா, அணைத்த விறகு புகைகிறதா என்று எதிர்மலையில் நின்று சொல்ல முடியாது அல்லவா, அதே கதை.

சேவியரின் கேமரா வேறு ரகம். மெல்லிய கதிர்வீச்சுள்ள ஒரு மருந்தை ஏற்றுவான். உயிருள்ள கட்டி அதை இழுத்து வைத்துக்கொள்ளும், வெந்து செத்த இடம் இழுக்காது. ஆனால் அவன் படம் பனிமூட்டத்தில் பார்த்த டோர்ச் லைட் மாதிரி. நெருப்பு தெரியும், வீடு தெரியாது. என் படத்தில் வீடு தெரியும், நெருப்பு தெரியாது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால்தான் பதில் கிடைக்கும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மூளைக்குள் நீர் சுரக்கும் ஒரு சின்னப் பின்னல், நோயில்லாத மனிதனுக்கும் சேவியர் படத்தில் ஒளிரும். அது தன் இடத்தில் நின்று ஒளிரும்வரை தொந்தரவில்லை.

வைக்கும் முறை இதுதான். தலையின் பக்கவாட்டுப் படத்தில் நெற்றிப் பக்கமிருந்து பின்மண்டைக்கு ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டின் சாய்வில்தான் மூளையைத் தட்டுத்தட்டாகப் படம் பிடிப்போம். முதல் படத்தில் போட்ட கோட்டையே ஒவ்வொரு தடவையும் போடவேண்டும். சேவியரும் தன் படத்தை அதே சாய்வில் வெட்டித் தருவான். கோடு மாறினால் எல்லாம் மாறும். வெள்ளரிக்காயை நேரே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீளம். காய் வளர்ந்திருக்காது.

எங்கள் அறைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. "பழைய படத்தைத் திற. பழைய கோட்டையே போடு." எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும்.

இனி பாக்கியத்துக்கு வருகிறேன்.

றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பாக்கியம் என்றால் அங்கே நாலு பேர். "ஸ்பீக்கர் பாக்கியம்" என்றால் ஒரே ஆள். கொழுந்து நிறுவையில் கழிவென்று கூட வெட்டினாலும், லயத்துக் கூரை ஒழுகினாலும், சனங்கள் இவரைத்தான் முன்னே தள்ளுவார்கள். கணக்கப்பிள்ளையிடம் தமிழில், ஹட்டன் அரசாங்கக் கந்தோர்களில் சிங்களத்தில், தோட்டத்துத் துரையிடம் இரண்டையும் கலந்து பேசுவார். கட்டி வந்ததோ மூளையின் இடது பக்கத்தில், பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்து வீட்டில். முதல் ஒப்பரேஷனில் பேச்சு தப்பியது. இன்னொரு தடவை வெட்டினால் தப்புவது நிச்சயமில்லை என்று சேர்ஜன் முன்பே சொல்லியிருந்தார்.

கரண்ட் வைத்து முடிந்தபின் அவருக்கு எடுத்த முதல் படம், இனி வரும் எல்லாப் படங்களுக்கும் அளவுகோலான படம், நான் எடுத்ததில்லை. என் மூத்த மகளின் கலியாணத்துக்கு நான் லீவில் நின்ற வாரம் அது. எனக்குப் பதிலாக சேவியர் வந்து எடுத்திருந்தான்.

லீவு முடிந்து கலியாண அல்பத்தோடு எங்கள் மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம்தான் எங்கள் பிரிவின் தலைமை டொக்டர். கண்டிச் சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர், தமிழ் விளங்கும், பேசமாட்டார். அல்பத்தை மேசையில் வைத்தேன். "ஹரி லஸ்ஸனய்" என்றார், ரொம்ப அழகு என்று. "மாப்பிள்ளையும் நல்ல பிள்ளை மேடம்" என்றேன். மேடம் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அல்பத்தை அல்ல, வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த சேவியரின் படத்தை. இத்தனை வருஷத்தில் என் படம் ஒன்றுக்கும் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. என் மகள் கலியாணத்துக்கும் அன்றைக்குச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து பாக்கியம் அடுத்த படத்துக்கு வந்தார்.

உள்ளே விடுமுன் உலோகம் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். தாலியைக் கழற்றச் சொன்னால் எங்கள் பெண்கள் கலங்கிப்போவார்கள். அதற்காகவே என் மேசை லாச்சியில் மஞ்சள் கயிறு வைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றலாம். இந்த யோசனை சேவியருடையது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான்.

கயிற்றைக் கட்டிக்கொண்டே பாக்கியம் சுற்றிலும் பார்த்தார். "அந்த சேர் எங்கங்க? போன தடவை எடுத்தாரே, தலை நெறைய முடியோட?"

"அவரு பக்கத்து ரூமு. இங்க பெரியவரு நான்தாம்மா."

"அப்படிங்களா?" என் தலையைப் பார்த்தார். "அவரு கை பூ மாதிரிங்க. தலையை வச்சதே தெரியல."

படுக்கவைத்து உள்ளே அனுப்பினேன். பழைய படத்தைத் திறந்தேன். சேவியரின் கோடு திரையில் கிடந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவன் கோட்டில் நான் கோடு போடுவதா? கொஞ்சம் நெற்றிப் பக்கம் தூக்கினால் படம் இன்னும் எடுப்பாக வருமே என்று ஒரு நினைப்பு வந்தது. தூக்கினேன். ஒரு நகத்தின் அகலம் இருக்கும். கலைஞனுக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சுவரில் என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படம் உண்மையிலேயே அழகாக வந்தது. அந்த வெள்ளைத் திட்டு போன தடவையைவிட நீளமாகவும் தெரிந்தது. அடுத்த நாள் சேவியர் தன் படத்தை எடுத்தான், ஒழுங்கான பிள்ளையாக, பழைய கோட்டின் சாய்விலேயே வெட்டித் தந்தான். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தார்கள். திட்டின் ஓரத்தில் ஒரு ஒளி பொட்டு வைத்த மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. வளர்ந்தும் இருக்கிறது, எரிந்துகொண்டும் இருக்கிறது.

"இது அந்த நீர்ப் பின்னலோட ஒளியா இருக்குமோண்ணே? இடம் ஒரு மாதிரி இருக்கு" என்றான் சேவியர்.

"ஒன் கேமராவுல சந்தேகம் இருந்தா சொல்லு. என் படம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றேன்.

மேடம் அந்த வாரம் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். படங்களைப் பார்த்த சேர்ஜன், கட்டி திரும்பிவிட்டது என்று முடிவெடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். புதன்கிழமை ஒப்பரேஷன், திங்கட்கிழமை வார்ட்டில் சேரவேண்டும்.

பாக்கியத்தின் புருஷன் சுப்பையா, வாயில்லாப் பூச்சி என்பார்களே அந்த மாதிரி மனிதர், வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இவ பேச்சு போயிரும்னு கேள்விப்பட்டு லயத்துல பயலுக எனக்குக் கைகுடுக்கிறானுங்க சேர். ஒனக்கு விடுதலைடா சுப்பையான்னு." சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிக்கொண்டது. "அவ பேசலைன்னா எனக்கு வேற யாரு சேர் பேசுவா?"

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நல்ல படம் எடுத்த திருப்தியில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். அவர் படம் பார்க்கும் விதத்தை எழுதியே ஆகவேண்டும். புதுப்படத்தை முதலில் பார்க்கவே மாட்டார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய படத்தை மாட்டுவார். அதன் முன்னால் கைகட்டி நிற்பார், கோயிலில் நிற்பதுபோல. மனதில் அது பதிந்தபின்தான் புதுப்படம். பிறகு நோயைப் பார்க்கமாட்டார். கண் குழி, காதுத் துவாரம், மூக்குத் தண்டு என்று நோயில்லாத இடங்களாகப் பார்த்துக்கொண்டு போவார். அவருக்கு ஒரு கேள்வி உண்டு. எல்லாரையும் கேட்பார், தன்னையும் கேட்பார்.

"மொக்கத வெனஸ் வுணே? லெடேத, அபித?"

எது மாறியிருக்கிறது, நோயா, நாமா?

அன்றைக்கு சேவியரும் நானும் பின்னால் நின்றோம். மேடம் கண் குழியில் பென்சிலை வைத்தார். பழைய படத்தின் அந்தத் தட்டில் கண் முழுசாக இருந்தது. என் படத்தில் அதே தட்டில் கண் இல்லை. பென்சில் அங்கேயே நின்றது. கேள்வியைக் கேட்டார்.

சேவியர் உடனே சொன்னான், "என் பக்கம் தலை கொஞ்சம் அசைஞ்சிருக்கலாம் மேடம். திரும்ப எடுத்துத் தாறேன்."

என் வாழ்நாளில் நான் அவன் மேல் அதிகம் பொறாமைப்பட்டது அந்த நிமிஷத்தில்தான். செய்யாத பிழையை இவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்கிறான். செய்த பிழையை என்னால் எடுக்கமுடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் திரும்ப எடுப்பான், என் படத்தோடு திரும்பவும் பொருந்தாது, பழி அவன் கேமராவின் மேலேயே நிற்கும். என் பேர் தப்பும். புதன்கிழமை பாக்கியத்தின் மண்டையைத் திறப்பார்கள்.

"கோட்டை மாத்தினது நான் மேடம்" என்றேன்.

மேடம் திட்டவில்லை. ஒரு கடதாசியை நீட்டி, இரண்டு கோட்டையும் வரையச் சொன்னார். வரைந்தேன். ஏன் என்று கேட்டார். அவன் கோட்டில் போட மனம் வரவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அதைச் சிங்களத்தில் சொல்லும்போது எந்தப் பாஷையிலும் எடுபடாத காரணம் என்று விளங்கியது. மேடம் கடதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சேர்ஜனுக்குப் போன் எடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: அந்த அம்மாவிடம் நீயே போய்ச் சொல். வார்ட்டுக் கட்டிலில் படுத்தபின் சனங்கள் எதற்கும் சரி என்பார்கள். அவள் வீட்டில், அவள் காலில் நிற்கும்போது சொல்.

வெளியே வந்ததும் சேவியர் என் கையைப் பிடித்தான். "என் கோட்டுல அப்படி என்னதாண்ணே கொறை?"

"ஒண்ணுமில்லடா."

"அப்பறம்?"

"அதான்."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அவ வாயிண்ணே அது. என் கோடு இல்ல, ஒங்க கோடு இல்ல. அவ வாயி." பிறகு, "நானும் வரட்டா? என் ஊருதானே" என்றான். வேண்டாம் என்றேன். அதிலும் அவன் நல்ல பேர் வாங்கிவிடுவான்.

சனிக்கிழமை காலைக் கோச்சியில் றொசல்லயில் இறங்கி, தூறலில் மலையேறினேன். பாக்கியத்தின் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள். செத்த வீடோ என்று பதறிப்போனேன். இல்லை, பாக்கியம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புதன்கிழமைக்குப் பிறகு யார் எங்கே பேசவேண்டும் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கணக்கப்பிள்ளை சிரிச்சா நீயும் சிரிக்கக்கூடாது செல்வி. சிரிச்சே ரெண்டு கிலோ போயிரும். கந்தோர்ல ஐயாமாரை 'மாத்தயா'ன்னு ஒரு தடவை சொல்லு, போதும். மூணு தடவை சொன்னா ஒக்காரச் சொல்லமாட்டான். எங்க, சொல்லு பாப்போம்."

செல்வி சொன்னாள். காதில் விழவில்லை. "இதையா நான் விட்டுட்டுப் போறேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பாக்கியம். அப்போதுதான் என்னைக் கண்டார். "வாங்க சேர். ஆஸ்பத்திரியில இருந்து ஆளையே அனுப்பிட்டாங்களா, ஓடிருவேன்னு?"

பெண்கள் சிரித்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். சேவியர் போட்ட கோட்டை மாற்றிப் படத்தைப் பிழையாக எடுத்துவிட்டேன், கட்டி வளர்ந்த மாதிரித் தெரிந்தது என் பிழையாலும் இருக்கலாம், திங்கட்கிழமை திரும்ப எடுக்கவேண்டும், அதுவரை ஒப்பரேஷன் முடிவில்லை.

பாக்கியம் ஒன்றும் பேசவில்லை. வாசலில் இருந்தவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பேசாமல் இருந்து அந்த லயம் பார்த்ததில்லை போல; செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் கேட்டார், "அப்ப, என் பேச்சு போகாதுங்களா?"

"தெரியாதும்மா. எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லமுடியும்."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். சுப்பையா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் குடித்த தேத்தண்ணிகளிலேயே விழுங்கச் சிரமமானது அதுதான்.

திங்கட்கிழமை மேடம் என் பின்னால் நிற்பார் என்று நினைத்தேன். வரவில்லை. சேவியரும் வரவில்லை. நானும் திரையும்தான். பழைய படத்தைத் திறந்து, சேவியர் கோட்டின் மேலேயே என் கோட்டை வைத்தேன். மருந்து ஏற்றி, போன தடவை காத்த அதே நேரம் காத்து, எடுத்தேன். மருந்து இரத்தத்தோடு அந்த இடத்துக்குள் எவ்வளவு பாய்கிறது என்பதையும் தனியாக எடுத்தேன். உயிருள்ள கட்டி பேராசைக்காரன், இரத்தத்தை இழுத்துக் குடிக்கும். அந்தத் திட்டு குடிக்கவில்லை.

மேடம் பழைய படத்தை மாட்டினார், நின்றார், புதுப்படத்தை மாட்டினார். கண் குழிக்குக் கண் குழி, காதுக்குக் காது. திட்டு வளரவில்லை. சேவியரின் படத்தை அதன் மேல் வைத்தார். அந்த ஒளிப் பொட்டு நகர்ந்து, நீர்ப் பின்னல் இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. திட்டு இருட்டாகக் கிடந்தது. அணைந்த விறகின் புகை.

ஒப்பரேஷன் நிறுத்தப்பட்டது. இன்றைக்கு இல்லை என்பதால் என்றைக்கும் வராது என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்ஜன் சொன்னார். வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது.

செய்தியைக் கேட்ட பாக்கியம் நேரே என் அறைக்கு வந்தார். வாசலில் சுப்பையா, சேவியர், இரண்டு தாதிமார், என்னவோ எடுக்க வந்த மாதிரி மேடம். சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"ஏங்க, ஒங்களுக்குக் கோடு கோணலுன்னா ஒங்க தலையில போட்டுப் பாக்கவேண்டியதுதானே? எடஞ்சல் இல்லாம வெட்டவெளியாத்தானே இருக்கு! என் மண்டைதான் கெடச்சிச்சா? நாலு நாளு, நாலு நாளு ஒக்காந்து அந்தச் செல்விக்குப் பேசச் சொல்லிக் குடுத்தேனே, கல்லுல நார் உரிச்ச மாதிரி, அந்த நாலு நாளை யாரு தருவா? என் புருஷன் சோறு தின்னலை. இந்த மனுஷன் சோறு தின்னாம நான் கண்டதில்லைங்க, எங்க மாமியா செத்தன்னிக்கே ரெண்டு தட்டு தின்ன ஆளு! வட்டவளைக்காரருன்னு வேற சொல்றாங்க. எங்க ஊருல மாடுகூட போன தடத்துலதாங்க போகும்!"

பிறகு, மேடத்துக்குத் தமிழ் விளங்கும் என்று தெரியாமல், அவருக்கும் விளங்கட்டும் என்று முழுவதையும் ஒருமுறை சிங்களத்தில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு சொற்களைக் கவனித்தேன். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. ஒன்றுகூட இடம் மாறவில்லை. எந்த ஸ்கேனிலும் இவ்வளவு தெளிவாக அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

சேவியர் பக்கத்தில் வந்து, "என்னைய இவங்க ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்லைண்ணே" என்று காதுக்குள் சொன்னான். அவன் குரலில் ஒரு மனக்குறை இருந்ததாக இன்றுவரை நம்புகிறேன்.

"அடுத்த தடவை யாரு எடுக்கிறது?" என்றார் பாக்கியம்.

"நான்தாம்மா."

"யாரு கோட்டுல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் கண்டேன்.

"சேவியர் கோட்டுல" என்றேன்.

நான் ஓய்வு பெறும் வரை பாக்கியம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தார், காலைக் கோச்சியில், மஞ்சள் கயிற்றைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் பழைய படத்தைத் திறப்பேன். சேவியரின் கோடு கிடக்கும். அதை ஒரு நகம் தூக்கினால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் பார்ப்பேன். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. பிறகு என் கோட்டை இறக்கி, அவன் கோட்டின் மேல் வைப்பேன். இயந்திரத்துக்குள் இருந்து மைக் வழியாகப் பாக்கியம் பேசிக்கொண்டே இருப்பார்.